கொட்டாஞ்சேனை இரத்தமும் வெள்ளவத்தை இரத்தமும்

"மெரிச்ச செல்வலட்ட டை மொகட்டத மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார் கொள்வனவுப் பிரிவில் இருந்த மஹத்தயா. செத்த கலங்களுக்கு எதற்குச் சாயம் என்று கேட்கிறார். நாட்டில் டொலர் இல்லாத காலம் அது. இறக்குமதிப் பட்டியலில் எதை வெட்டலாம் என்று சிவப்புப் பேனையோடு உட்கார்ந்திருந்தவரின் கண்ணில் முதலில் பட்டது என்னுடைய சாயம். உயிரோடு இருக்கிற நோயாளிகளுக்கே மருந்து இல்லை, நீங்கள் செத்ததற்குச் சாயம் பூசப் போகிறீர்களா என்றும் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருப்பது போலத்தான் எனக்கும் பட்டது. கோடு விழுந்தது. நானும் பக்கத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

அந்த ஒரு கோட்டால் கொட்டாஞ்சேனை முழுவதும் கெட்ட இரத்தக்காரர்களாகிப் போகும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நான் அப்போது கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தேன். பட்டத்தின் பெயர் வீட்டில் யாருடைய வாயிலும் நுழையாததால் "பெரிய படிப்பு" என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். செய்த வேலை இதுதான். நம் இரத்தத்திலுள்ள வெண்குருதிக் கலம் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு சட்டகம் உண்டு. உயர்தர வகுப்பில் அதைக் குழியவன்கூடு என்று படித்தோம். வீட்டுக்கு வளையும் கூரை மரமும் எப்படியோ அப்படி, கலம் உருக்குலையாமல் அது தாங்கிப் பிடிக்கிறது. அந்தச் சட்டகத்திலுள்ள ஒரு புரதத்தின் பெயர் விமென்டின். உள்ளே இருக்க வேண்டிய சாமான். ஆனால் சில வேளைகளில், உயிரோடு இருக்கிற கலமே இதை வெளிப்புறத்தில் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று உலகத்தில் பல ஆய்வுகூடங்களில் சொல்கிறார்கள். எங்கள் ஆட்களின் கலங்களிலும் அது வெளியே தெரிகிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்கு இடம் கொடுத்திருந்தார்கள்.

விமென்டினில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பிறபொருளெதிரியை எடுத்து, அதில் ஒளிரும் சாயத்தைக் கட்டி விற்கிறார்கள். அதைக் கலங்களோடு கலந்து, ஊறவைத்து, கழுவி மெஷினில் விட்டால், கலங்கள் ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் போகும். ஒளிர்ந்தால் விமென்டின் வெளியே இருக்கிறது என்று அர்த்தம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கலம் செத்துப் போனால் அதன் மென்சவ்வு ஓட்டையாகிவிடும். பிறபொருளெதிரி அந்த ஓட்டையால் உள்ளே புகுந்து, உள்ளே இருக்கிற விமென்டினில் ஒட்டிக்கொள்ளும். மெஷினுக்கு உள்ளேயா வெளியேயா என்பது தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று பிரித்துக் காட்டுவதற்குத்தான் நான் கேட்ட சாயம்.

எனக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியரிடம், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவரிடம், போய்ச் சொன்னேன். வெள்ளவத்தைக்காரர், யாழ்ப்பாணத்து மனிதர், நல்ல படிப்பாளி. எதையும் நம்புவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்குத் துடைக்கவில்லை.

"அது பரவாயில்லை. நாங்கள் ஃப்ரெஷ் இரத்தம்தானே எடுக்கிறம். எங்கட கலம் ஏன் சாகுது?" என்றார்.

அதோடு விஷயம் முடிந்தது. சாயம் இல்லாத குறைக்கு மெஷினுக்கு வேறு பாதுகாப்புகள் தாராளமாக இருந்தன. அதன் கைப்பிடியில் பிக்குமார் ஓதிக் கொடுத்த பிரித் நூல் கட்டியிருந்தது. சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு மூடியில் காய்ந்துபோய் இருந்தது. போன நத்தாருக்கு யாரோ ஒட்டிய வெள்ளி நட்சத்திரமும் அப்படியே இருந்தது. மூன்று மதமும் காவல் நிற்கிற மெஷின் பொய் சொல்லாது என்றுதான் நானும் நினைத்தேன்.

இரத்தம் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று வெள்ளவத்தை, சேரின் நண்பர் நடத்தும் கிளினிக். கொடுத்தவர்கள் எல்லோரும் சேரின் ஆட்கள்: ஓய்வுபெற்ற பொறியியலாளர்கள், கோயில் சபைக்காரர்கள், அவர்களின் மனைவிமார். குழாய்களைச் சேரே தன் மதியச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவார். ஒரு பக்கம் சூடான புட்டு, மறு பக்கம் கோயில் சபையின் இரத்தம். மற்ற இடம் துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனை, ஒரு ஒடுங்கிய தெருவில் இரத்தம் எடுத்து அனுப்பும் சின்ன அறை. அங்கே ஓர் அக்கா இருக்கிறார் என்றும், மிகக் கவனமாக வேலை செய்கிறவர் என்றும் சொல்லியிருந்தார்கள். அவர் எடுக்கும் குழாய்களை ஓட்டோக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுப்பார். ஈரமான கைலேஞ்சியில் சுற்றியிருக்கும். வெயிலுக்கு வியர்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரத்தத்தை எப்படி வைத்து அனுப்ப வேண்டும் என்று யாராவது நேரில் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. சேர் என்னைத்தான் போகச் சொன்னார். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று சொல்வதென்றால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும், சொல்ல விருப்பமில்லாவிட்டாலும்.

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. அப்பாவின் ஆட்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்கள், அப்பா துறைமுகத்தில் வேலை செய்தார். பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடம் போன நாளிலேயே என் வாய்க்குள் இரண்டு தமிழ் குடியேறிவிட்டது. வீட்டில் "ஆமா", பள்ளியில் யாழ்ப்பாணத்து "ஓம்". பஸ் கோட்டையைத் தாண்டுகிற இடத்தில் எங்கேயோ "ஆமா" இறங்கிக்கொள்ளும், "ஓம்" ஏறிக்கொள்ளும். ஆய்வுக்குச் சேர்ந்த பிறகு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாகப் போகும் ஒரு லேனில் அனெக்ஸ் எடுத்துத் தங்கினேன். எவடம் என்று யாராவது கேட்டால், "பம்பலப்பிட்டியில படிச்சனான்" என்பேன். அது பொய்யில்லை. கேட்டவர் மேலே கேட்காமல் இருப்பதற்குப் போதுமாகவும் இருந்தது.

கொட்டாஞ்சேனைக்கு ஆய்வுகூடத்து ஆட்களோடு போய் இறங்கினால், தெருவில் யாராவது "என்னா புள்ள, ஆளையே காணோம்" என்று தோளில் தட்டுவார்கள் என்று பயந்தேன். அதனால் அறிவுறுத்தல்களை ஆங்கிலத்தில் அழகாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஓட்டோக்காரரின் கையில் கொடுத்தனுப்பினேன். அறை வெப்பநிலையில் கொண்டுவரவும், குளிரூட்டக் கூடாது என்று அதில் நான்காவது வரியில் இருந்தது. கடமை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

மூன்றாவது வருடத்தில் முடிவு வரத் தொடங்கியது. மெஷின் தருகிற வரைபடத்தில் ஒரு மேடு தெரியும். ஒளிராத கலங்களென்றால் மேடு இடப்பக்கம், ஒளிர்ந்தால் வலப்பக்கம். வெள்ளவத்தை மேடுகள் எல்லாம் மரியாதையாக இடப்பக்கம் உட்கார்ந்திருந்தன. கொட்டாஞ்சேனை மேடுகள் ஒன்று விடாமல் வலப்பக்கம் போயிருந்தன. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார்.

"பாரும். அவையின்ட கலம் உள்ளுக்க இருக்கிறதை வெளியில போட்டுக்கொண்டு நிக்குது" என்றார்.

அதன் பிறகு அவருக்குத் தூக்கம் இல்லை. துறைமுகத்துத் தூசு என்றார். கருவாட்டுக் கிட்டங்கி என்றார். நெருக்கம், சத்தம், இராத்திரி கொத்துரொட்டி, பரம்பரை என்று ஒரு வாரத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, "அந்தப் பக்கத்துச் சனத்தின்ட கலம் எப்பவும் பதற்றத்தில இருக்கு" என்று ஒரு கொள்கையாக்கிவிட்டார். கொழும்பு வரைபடத்தில் கொட்டாஞ்சேனைக்குச் சிவப்பும் வெள்ளவத்தைக்குப் பச்சையும் பூசி ஒரு ஸ்லைட் செய்யச் சொன்னார். செய்தது நான். என் அப்பாவின் வீடு இருக்கிற லேனும் அந்தச் சிவப்புக்குள் வந்தது. எல்லை கோணலாக இருக்கிறது என்று இரண்டு தடவை திருத்தியும் கொடுத்தேன்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கொட்டாஞ்சேனைக் குழாய்களைச் சுழற்றி எடுக்கும்போது, மேலே நிற்கிற திரவம் மஞ்சளாக இல்லாமல் ரோஸ் நிறத்தில் இருந்தது. செங்குழியங்கள் உடைந்தால்தான் அப்படி வரும். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரிகிற விஷயம். நான் கொப்பியில் "சிறிது ரோஸ்" என்று எழுதினேன். அடுத்த தடவையும் "சிறிது ரோஸ்". மூன்றாவது தடவை எழுதுவதை நிறுத்திவிட்டேன். எனக்கு இரண்டு தரம் கால நீடிப்புக் கொடுத்தாயிற்று, மூன்றாவது கிடையாது என்று பதிவாளர் அலுவலகத்தில் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். இந்த முடிவு நின்றால் எனக்குப் பட்டம், விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பட்டம் இல்லாமல் போனால் அம்மா என்ன சொல்வார் என்பதை விட, "பெரிய படிப்பு முடிஞ்சிச்சா?" என்று கேட்கப்போகிற அந்த லேனை நினைத்துத்தான் நடுங்கினேன். ரோஸ் நிறம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்?

சேர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக மூன்று கிழமை இருந்தது. அதற்குள்ளேயே முடிவு வெள்ளவத்தைக்குப் போய்விட்டது. சேர் மனைவியிடம் சொல்ல, அவர் கோயிலில் சொல்ல, அது என் அனெக்ஸ் வீட்டுக்கார அன்ரியிடம் வந்து சேர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கறிவேப்பிலை தருகிற சாட்டில் அன்ரி என் வாசலுக்கு வந்தார்.

"பிள்ளை, கொட்டாஞ்சேனை ஆக்களுக்கு இரத்தம் சரியில்லையாமே? உங்கட லேப்தானாம் கண்டுபிடிச்சது."

"அப்பிடியெண்டில்லை அன்ரி. அது ஒரு புரதம்..."

"என்ட தங்கச்சி பெடியனுக்கு அங்கால ஒரு இடம் பேசி வந்தது. நல்ல வேளை, பொறுத்து யோசிப்பம் எண்டு சொல்லிப்போட்டன்." கறிவேப்பிலையை என் கையில் வைத்துவிட்டு ஒரு முறை என்னைப் பார்த்தார். "அது சரி, உங்கட ஆக்கள் எவடம்?"

"பம்பலப்பிட்டியில படிச்சனான் அன்ரி" என்றேன். கறிவேப்பிலை நன்றாக இருந்தது. சமைக்கத்தான் மனம் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கட்டுப்பாட்டு மாதிரிக்கு ஆள் கிடைக்கவில்லை. இப்படியான நேரத்தில் எங்கள் ஆய்வுகூடத்தில் யாராவது தன் கையை நீட்டுவது வழக்கம். அன்று நான் நீட்டினேன். டெக்னீசியன் மிஸ் இரத்தம் எடுத்தார். பத்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கினேன். மேடு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தது, வெள்ளவத்தைக் கோயில் சபையைப் போலவே அடக்கமாக.

இருபத்தி நாலு வருடம் துறைமுகத்துத் தூசு, கருவாட்டுக் கிட்டங்கி, கொத்துரொட்டி. சேரின் கொள்கைப்படி நான் எரியும் பந்தம் போல ஒளிர்ந்திருக்க வேண்டும். மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன். சேர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பாத்தீரா? இதுவும் கிளீன். வெள்ளவத்தை எண்டால் வெள்ளவத்தைதான்" என்று சொல்லி, என் எண்ணைப் பச்சை நிரலில் எழுதினார். என் விலாசம் அனெக்ஸ் விலாசம் அல்லவா?

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். "சேர், நான் அந்தச் சிவப்புக்குள்ள பிறந்தனான்" என்று ஒரு வசனம் போதும். சொல்லவில்லை. சொன்னால் என் பட்டம் போகும், என் "ஓம்"உம் போகும். எது போவதற்கு அதிகமாகப் பயந்தேன் என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கிழமை முழுக்க வரைபடத்தைத் திருத்திய கைதானே என்று என் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது. சனிக்கிழமை காலையில் ஒருவருக்கும் சொல்லாமல் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன்.

அந்த அறையில் ஒரு கதிரை, ஒரு மேசை, முருகன் கலண்டர். கலண்டருக்குக் கீழே என் ஆங்கிலத் தாள் பிளாஸ்டிக் உறையோடு பளபளத்துக்கொண்டிருந்தது. அதன் மூலையில் சந்தனம் வைத்திருந்தார்கள். அக்கா நாற்பது வயதுக்காரர், வெள்ளை உடுப்பு, கையில் வளையல் இல்லை. ஆய்வுகூடத்திலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ ரெண்டாவது லேன் தொறமொகத்தாரு மக இல்ல?"

"ஆமாக்கா" என்றேன். அது தானாக வந்தது.

"அடியாத்தி, நீதான் அந்த லேப்புலயா இருக்க? சொல்லவே இல்ல!" அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு முகம் சுட்டது. என்னை உட்காரவைத்தார். என்னுடைய இரத்தத்தையும் எடுக்கச் சொன்னேன். இரண்டு குழாய். குத்தியதே தெரியவில்லை. ஒன்றை என் கைப்பைக்குள் போட்டேன். மற்றதை வழக்கம் போல அனுப்புங்கள் என்றேன்.

அக்கா மேசைக்கு அடியிலிருந்து இலேசான வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றை இழுத்தார். திறந்ததும் மீன் மணம் குப்பென்று அடித்தது. உள்ளே நொறுக்கிய ஐஸ். ஒரு பேணியிலிருந்து கல்லுப்பை அள்ளி ஐஸ் மேலே தூவினார். கையால் கிளறினார். பிறகு என் குழாயை அதற்குள் கழுத்து வரைக்கும் புதைத்தார்.

"உப்பு எதுக்குக்கா?"

"ஒனக்குத் தெரியாதா? வெறும் ஐஸு ஒரு மணி நேரத்துல தண்ணியாயிரும். உப்பு போட்டா மீனு கல்லு மாதிரி நிக்கும். எங்க வீட்டுக்காரரு வெடிய வெடியப் பேலியகொடை மார்க்கெட்டுக்குப் போறாருல்ல, அங்கருந்தே நல்ல ஐஸாப் பாத்து எடுத்தாந்து குடுப்பாரு. ஹெந்தளப் பக்கம் வித்து முடிக்கிற வரைக்கும் அவரு மீனு ஒன்னு கெட்டதில்ல." பெட்டியின் மூடியை அமர்த்தி, ரப்பர் பட்டி போட்டார். "ஒங்க ரத்தம் எதாச்சும் ஒரு நாளு கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்காங்களா?"

 இல்லை என்று தலையை ஆட்டினேன்.

பெட்டியோடு நானும் ஓட்டோவில் ஏறினேன். மருதானை நெரிசலில் நின்றபோது மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உப்பு சேர்ந்த ஐஸ் சாதாரண ஐஸை விடக் கடுமையாகக் குளிரும், உறைநிலைக்கும் கீழே போகும். என் இரத்தம் குழாயின் ஓரங்களில் ஐஸ் பழம் போலக் கட்டிப்பட்டிருந்தது. ஆய்வுகூட வாசலில் செக்கியூரிட்டி ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாளு கந்தய், பெட்டிய எத்துளட்ட பே" என்று மறித்தார். மீன் நாற்றம், பெட்டி உள்ளே போகக் கூடாது. ஓட்டோக்காரர் பழக்கப்பட்ட கையால் குழாய்களை எடுத்துக் கைலேஞ்சியில் சுற்றினார். பிறகு அரை மணி நேரம் வெயிலில் நின்று பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உறைந்தது உருகி, நல்ல பிள்ளை மாதிரி ஆகிவிடுவதற்கு அது தாராளம். ஒவ்வொரு தடவையும் இதுதான் நடந்திருக்கிறது.

கைப்பைக் குழாய் இடப்பக்கம் வந்தது. ஐஸ் குழாய் வலப்பக்கம் போனது. ஒரே கை, ஒரே ஊசி, ஒரே நேரம். பக்கத்து மாணவர் ஆய்வுகூடத்துக்குப் போய் நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்கு ஒரு நீலச் சாயம் இரவல் கேட்டேன். செத்த கலத்துக்குள் மட்டும் போகிற பழைய, மலிவான சாயம். மெஷினுக்குச் சரிவராது, கண்ணுக்குப் போதும். போத்தல் நிறைய இருந்தது. ஐஸ் குழாயின் கலங்களில் பெரும்பாலானவை நீலமாக நின்றன. மூன்று வருடமாக அந்தப் போத்தல் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, சேருக்கும் தோன்றவில்லை. வேண்டிய முடிவு கையில் இருக்கும்போது யாருக்குத்தான் தோன்றும்?

திங்கட்கிழமை சேரின் முன்னால் இரண்டு வரைபடத்தையும் வைத்துச் சொன்னேன். உப்பு, ஐஸ், செக்கியூரிட்டி, எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ஆற்ற இரத்தம்?"

"என்னுடையது சேர்."

"நீர் வெள்ளவத்தையெல்லே?"

"இல்ல சேர். நான் கொட்டாஞ்சேனை. அங்கதான் பொறந்தேன், அங்கதான் வளந்தேன்."

"ஓம்" காணாமல் போயிருந்தது. அவரும் அதைக் கவனித்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், முதல் தரம் பார்க்கிற ஆளைப் போல. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது அதைவிட விசித்திரமான ஒன்று.

"சரி, உம்மட இரத்தம் ஐஸில செத்திருக்கு. அது உம்மட இரத்தம். எங்கட இரத்தம் தாங்கும். வாற சனி என்ட இரத்தத்தையும் அந்தப் பெட்டிக்குள்ள வச்சுப் பாப்பம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பினார். வருடா வருடம் தேருக்குக் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு வருகிறவர், அந்தக் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த அறைக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தார். அக்கா கதிரையை ஒரு துணியால் துடைத்துக் கொடுத்தார். அவருக்கும் இரண்டு குழாய். ஒன்றைச் சேர் தன் சேர்ட் பொக்கெட்டில் செருகிக்கொண்டார். மற்றதை அக்கா ஐஸுக்குள் புதைத்தார். பெரிய மனிதரின் இரத்தம் என்று ஒரு பிடி உப்பு கூடுதலாகவே போட்டார்.

மெஷின் முன்னால் நாங்கள் மூன்று பேர் நின்றோம். பொக்கெட் குழாய் இடப்பக்கம். ஐஸ் குழாய் ஓடத் தொடங்கியது. மேடு மெல்ல எழுந்து, வலப்பக்கம் நகர்ந்து, என் மேடு இருந்த இடத்தையும் தாண்டிப் போய் நின்றது.

"சேர்கே தமய் வெடிம" என்றார் டெக்னீசியன் மிஸ், வாழ்த்துச் சொல்கிற குரலில். சேருடையதுதான் எல்லாவற்றிலும் கூட.

சேர் பிரித் நூலையும் சந்தனப் பொட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ம். எல்லாம் சாகுது" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "மாநாட்டுக்கு எழுதிப் போடுவம், வரேல்லை எண்டு. நீர் புதுசா எழுதும். ஐஸில இருந்து தொடங்கும்." எனக்கு மூன்றாவது நீடிப்பு வேண்டுமென்று அன்றே பதிவாளருக்குக் கடிதமும் எழுதினார். அந்த மனிதரை நான் மூன்று வருடமாக மனத்துக்குள் திட்டியிருக்கிறேன். அன்றைக்குத் திட்ட முடியவில்லை.

பட்டம் ஒரு வருடம் பிந்திக் கிடைத்தது. ஐஸ் இல்லாமல் கொண்டுவந்த கொட்டாஞ்சேனை இரத்தம் எல்லாம் இடப்பக்கமே உட்கார்ந்தது. ஸ்லைடை அழித்தோம். வெள்ளவத்தையில் போன கதையைத்தான் அழிக்க முடியவில்லை. அன்ரியிடம் முழுவதையும் விளக்கிச் சொன்னேன், நான் எவடம் என்பதையும் சேர்த்து. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களைச் சொல்லேல்லை பிள்ளை, நீங்கள் படிச்ச ஆள். ஆனா எதுக்கும் கவனம்தானே" என்றார். தங்கச்சி பெடியனுக்கு வேறு இடம் பார்த்துவிட்டார்களாம்.

இதெல்லாம் பிறகு நடந்தவை. சேரின் இரத்தம் ஒளிர்ந்த சனிக்கிழமைக்கு அடுத்த செவ்வாய், அக்காவிடம் யார் சொல்வது என்ற கேள்வி வந்தது. நான் சொல்கிறேன் என்று போனேன்.

"ஐஸ் வேணாம்க்கா" என்றேன்.

"ஏன், ஐஸு நல்லால்லையா? அவருகிட்டச் சொல்லி வேற எடத்துல எடுக்கச் சொல்றேன்."

சொன்னேன். உறைந்தால் கலம் செத்துவிடும், செத்தால் சாயம் உள்ளே போய்விடும், அதைப் பார்த்து இங்கே எல்லோருக்கும் இரத்தம் கெட்டது என்று சொல்லிவிட்டார்கள் என்று. அக்கா பெட்டியின் மூடி மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நாந்தான் எல்லாருதையும் கொன்னுருக்கேன்."

"தெரியாமத்தானேக்கா."

"வெள்ளவத்தக்காரங்க எதுல வச்சுக் கொண்டாந்தாங்க?"

"சோத்துப் பைக்குள்ள போட்டு."

அக்கா சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது. கலண்டருக்குக் கீழே இருந்த தாளைப் பார்த்தார்.

"அதுல எழுதியிருக்கா, ஐஸு வேணாம்னு?"

"ஆமாக்கா. நாலாவது வரி."

"எனக்கு இங்கிலீஷு அவ்ளோ வராது புள்ள. டியூப்பு பேரு, ஆளு பேரு வாசிப்பேன். பெரிய எடத்துலருந்து வந்த தாளுன்னு ஒட்டி வச்சேன். கேட்டா வெவரம் இல்லாதவன்னு நெனைப்பாங்களோன்னு கேக்கல." கொஞ்சம் யோசித்தார். "யாரு அனுப்புனது அத?"

"நாந்தான்."

"நீயா?" என்று திரும்பினார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை, விளங்காமை மட்டும்தான் இருந்தது. "ரெண்டாவது லேன்லருந்து போன புள்ள நீ. ஒனக்குத் தமிழ்ல எழுதத் தெரியாதா?"

தெரியும் என்று சொன்னேன்.  அக்கா மேசை லாச்சியைத் திறந்து ஒரு பேனையை எடுத்து நீட்டினார். தாளை உறையிலிருந்து உருவி, பின்பக்கம் திருப்பி, பெரிய எழுத்தில், "ஐஸ் வைக்க வேண்டாம். அப்படியே அனுப்புங்கள்" என்று எழுதினேன். முருகனுக்குக் கீழே அக்கா அதைத் திரும்ப ஒட்டினார். எழுதி ஒட்டி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.